ஒரு வாய்த்துணிக்குக் கிடைத்த மேற்கோள்கள்

1. முதல் நாள்

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியின் சமூகவியல் துறையில் ப்ராஜெக்ட் அசிஸ்டென்டாகச் சேர்ந்த முதல் நாளே என்னை ஃபீல்டுக்கு அனுப்பிவிட்டார்கள். துறையில் எனக்கு உட்கார நாற்காலி இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். துறைத்தலைவர் ஒரு கட்டுக் கேள்வித்தாளைக் கையில் கொடுத்தார்.

"தாடிக்கொம்புக்கு அந்தப் பக்கம் மல்லித் தோட்டம் நெறைய இருக்கும்மா. பூப் பறிக்கிறவங்க கலாசாரம் என்னன்னு கேட்டு எழுதிட்டு வந்துரு."

"இன்னைக்கேவா சார்?"

"வேணும்னா ரெண்டு நாள் எடுத்துக்க" என்றார் பெருந்தன்மையாக.

மறுநாள் விடியற்காலை முதல் டவுன் பஸ்ஸில் போய் இறங்கினேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் மல்லிச் செடிகளுக்கு நடுவே குனிந்து மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருமே பழைய சேலைத் துணியால் மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். தோட்டக்காரர் நல்ல மனிதர். எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, கூடவே வரப்பில் நின்று வேடிக்கையும் பார்த்தார்.

அந்தப் பெண்களில் வாய்த்துடுக்கானவள் என்று தோன்றிய ஒருத்தியைப் பிடித்தேன். பெயர் முத்துலட்சுமி. என்னைவிட நாலைந்து வயது இளையவள்.

"எதுக்கு எல்லாரும் வாயக் கட்டியிருக்கீங்க?"

அவள் வரப்புப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு துணியை இறக்கிவிட்டுச் சொன்னாள். "சாமிக்குப் போற பூவுல்ல டீச்சரு? மூச்சுப் பட்டாத் தீட்டுல்ல."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். வெட்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பதிலை அப்படியே எழுதினேன். சிரிப்பை எழுதவில்லை. கேள்வித்தாளில் சிரிப்புக்குக் கட்டம் கிடையாது.

2. துறையில் பட்டம்

தலைவர் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "எம்மா, இது போதும்மா. மத்தத எல்லாம் தூக்கிப் போடு."

மற்றதை எல்லாம் தூக்கித்தான் போட்டார். அந்த ஒரு வரியை வைத்து, பூப் பறிக்கும் பெண்களின் 'சடங்கு மௌனம்' பற்றி ஓர் ஆங்கில ஜர்னலில் கட்டுரை எழுதினார். வெளிநாட்டில் ஒருவர் அதை மேற்கோள் காட்டினார். அதற்குப் பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள, எங்கள் துறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

விவசாயத்தில் ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்று இருப்பதைப்போலப் பண்பாட்டுச் சமூகவியலிலும் பட்டம் உண்டு. நான் சேர்ந்தபோது 'நவீனமயமாதல்' பட்டம். வாய்த்துணி அப்போது நவீனத்துக்கு அடங்காத மரபு. நாலைந்து வருஷத்தில் 'அடையாளம்' வந்தது; அதே துணி பெண்களின் அடையாளமாயிற்று. பிறகு 'உடல்' வந்தது. துணி, ஒடுக்கப்பட்ட உடலின் எல்லைக்கோடு. அப்புறம் 'நினைவு'. துணியில் தலைமுறைகளின் நினைவு மடித்து வைக்கப்பட்டிருந்தது. பட்டம் பார்த்து விதைக்காதவருக்கு மேற்கோள் முளைக்காது. மேற்கோள் முளைக்காதவருக்கு ப்ரமோஷன் கிடையாது. ஆகவே எல்லோரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். துணிக்குப் பின்னால் இருந்த பெண்களை யாரும் பார்க்கவில்லை.

ஒருமுறை மட்டும் கேட்டேன். "சார், புதுக் கட்டுரைக்கு முன்னாடி ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்துரவா?"

"எதுக்கும்மா? டேட்டாதான் நம்மகிட்ட இருக்குல்ல."

நானும் விட்டுவிட்டேன். சும்மா விடவில்லை. என்னுடைய பிஹெச்.டி.யே அந்தத் துணியின் மேல்தான் கட்டப்பட்டது. வைவாவுக்கு வந்த எக்ஸாமினர், "மூச்சைக்கூடக் காணிக்கையாக்கும் சமூகம்" என்று சொல்லிக் கண் கலங்கினார். எனக்கு நிரந்தர வேலை கிடைத்தது. உட்கார நாற்காலியும் கிடைத்தது.

மேற்கோள்கள் எப்படிப் பெருகின என்பதையும் சொல்லியாக வேண்டும். தலைவர் எழுதியதைப் படித்து ஒருவர் எழுதினார். அவர் எழுதியதை மட்டும் படித்து இன்னொருவர் எழுதினார். கைமாறக் கைமாற, ஊர் மதுரைக்கு நகர்ந்தது, அங்கிருந்து கேரளாவுக்குப் போனது. ஒரு கட்டுரையில் மல்லி தாமரையாகியிருந்தது. தண்ணீருக்குள் இடுப்பளவு நின்று மௌனமாகத் தாமரை பறிக்கும் பெண்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி, ஆதாரம் என்று எங்கள் கட்டுரையைக் காட்டியிருந்தார் அந்த அறிஞர். தலைவரிடம் காட்டினேன்.

"தாமரையோ அல்லியோ, மேற்கோள் கவுன்ட் ஏறுதுல்ல? விடும்மா" என்றார்.

அந்தத் தோட்டம் எங்கள் கல்லூரியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். இருபது வருஷத்துக்கு மேல் நான் அந்தப் பக்கம் போகவில்லை. கருத்தரங்குக்காக டெல்லிக்கு மூன்று முறை போயிருக்கிறேன்.

3. முத்துலட்சுமி வந்தாள்

தலைவர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள், வாட்ச்மேன் ஒரு பெண்ணை என் அறைக்குக் கூட்டி வந்தார். நரை விழுந்திருந்தது; ஆனாலும் அந்தப் பார்வையை வைத்து அடையாளம் தெரிந்தது.

"என்னயத் தெரியுதா டீச்சரு? அன்னைக்கு வந்து அம்புட்டுக் கேள்வி கேட்டீகல்ல, முத்துலட்சுமி."

"தெரியுது, உக்காரு. என்ன விஷயம்?"

"ஒரு மனு எழுதணும். எங்க பக்கத்துல எழுதத் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தருதான் ஞாவகத்துக்கு வந்தீக."

அவளுடைய நாத்தனார் நாலு நாள் முன்பு மல்லிக்காட்டிலேயே மயங்கி விழுந்திருக்கிறாள். ஆறு மாசக் கர்ப்பிணி. பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். குழந்தையைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

"எதனால மயக்கம்?"

"மருந்துதான். மொட்டுப்புழுவுக்குச் சாயங்காலம் மருந்து அடிக்கிறாக. விடியக்காலையில அந்த ஈரத்துலயே நாங்க எறங்குறோம். முன்னல்லாம் தலச்சுத்தோட போயிரும். இப்ப அடிக்கிற மருந்து ரொம்பக் கடுசு. துணியக் கட்டுனாலும் நெஞ்சுக்குள்ள எறங்குது."

நான் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டேன்.

"முத்துலட்சுமி, அந்தத் துணி... மூச்சுப் பட்டாத் தீட்டுன்னு சொன்னியே?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அட, அதயா இன்னும் வச்சிருக்கீக? வரப்புல தோட்டக்காரரு நின்னாரு. மருந்து நாத்தம்னு அவரு முன்னால சொன்னா மறுநா வேல குடுப்பாரா? அதான் வாயில வந்ததச் சொன்னேன். சாமிக்கு எங்கிட்டுப் போகுது? முக்காவாசி செண்டு கம்பெனிக்குத்தான் போகுது."

அந்தப் பேச்சுதான் என் பிஹெச்.டி. அதுதான் என் நாற்காலி. என் அலமாரியில் தோல் அட்டை போட்ட அந்த ஆய்வேடு அவள் தலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. அவளிடம் ஒன்றும் சொல்லத் தைரியம் வரவில்லை. மனுவை மட்டும் எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய முதல் உண்மையான ஃபீல்டு ரிப்போர்ட் அது. ஒன்றரைப் பக்கம்.

4. குறைதீர்க்கும் நாள்

திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஏழெட்டுப் பெண்கள் போனார்கள். "செத்த நேரம் கூட வாங்க டீச்சரு. இங்கிலீசுல கேட்டா நாங்க முழிப்போம்" என்று முத்துலட்சுமி கேட்டதால் நானும் போனேன்.

மனுவை வாங்கிய அதிகாரி இளைஞர், சுறுசுறுப்பானவர். படித்தார். நெற்றியைச் சுருக்கினார். பிறகு முகம் மலர்ந்தது.

"மல்லிப் பூ, வாயில துணி... நீங்களா அவங்க? சிவில் சர்வீஸ் பரீட்சைக்குச் சோசியாலஜிதான் என் ஆப்ஷனல். கோச்சிங் நோட்ஸ்ல உங்களப் பத்தி வரும். சடங்கு மௌனம்! நான் பரீட்சையிலயே எழுதியிருக்கேன்."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அவர் அன்பாகவே தொடர்ந்தார். "பாருங்கம்மா, இது உங்க பாரம்பரியம். தலைமுறை தலைமுறையா நீங்க துணி கட்டுறீங்க. இப்ப திடீர்னு மருந்தாலதான்னு எழுதிக் குடுத்தா எப்படி? யாராச்சும் தூண்டிவிட்டாங்களா?"

முத்துலட்சுமி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு எதுவும் புரியவில்லை. ஆனால் நான் எதையோ செய்துவிட்டேன் என்று மட்டும் புரிந்துவிட்டது. அந்தப் பார்வையை எந்த எக்ஸாமினரிடமும் நான் எதிர்கொண்டதில்லை.

"சார்" என்றேன். மேசைக்கு முன்னால் போய் நின்றேன். "சார், அந்தத் தகவல எழுதுனதே நான்தான். அது தப்பு. தோட்டக்காரர் பக்கத்துல நின்னதால அவங்க சும்மா ஒரு பதில் சொன்னாங்க. நான் அதக் கலாசாரம்னு எழுதிட்டேன். அந்தத் துணி மருந்துக்காகக் கட்டுனது."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி மனுவை மறுபடி புரட்டினார்.

"மேடம், அத இத்தன பேர் மேற்கோள் காட்டியிருக்காங்களே?"

"ஒருத்தரும் வந்து பாக்கல சார். என்னையும் சேத்துத்தான்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கே வேளாண்மைத் துறை ஆளைத் தோட்டத்துக்கு அனுப்பினார். அதன் பிறகு தோட்டத்தைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மருந்து அடித்த பாதியில் இரண்டு நாள் யாரும் கை வைப்பதில்லை. தோட்டக்காரர் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். பக்கத்துத் தோட்டங்களில் சிலர் கேட்டார்கள், சிலர் கேட்கவில்லை. நாத்தனாருக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. தேறிவிட்டது.

கூட்டம் முடிந்த அன்று பஸ் ஸ்டாண்டு வரை முத்துலட்சுமி எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள். பஸ் ஏறும்போதுதான் சொன்னாள். "அன்னைக்கே இன்னொரு வாட்டி, தனியா வந்து கேட்டிருந்தீகன்னா சொல்லியிருப்பேன் டீச்சரு. நீங்க வருவீகன்னு கொஞ்ச நாளு பாத்தேன்."

5. திருத்தம்

அன்று இரவு தலைவருக்கு ஃபோன் செய்தேன். ஓய்வு பெற்றிருந்தாலும் ஃபோனில் அவர் பதவியில்தான் இருந்தார்.

"சார், அந்த ஜர்னலுக்குத் திருத்தம் எழுதப் போறேன்."

"திருத்தமா? எம்மா, மருந்துன்னா அது பப்ளிக் ஹெல்த். நம்ம துறையே இல்ல. கலாசாரம்னு எழுதுனா ஜர்னல்காரன் போடுவான். மருந்துன்னு எழுதுனா அக்ரி காலேஜுக்கு அனுப்பும்பான். இத்தன வருஷக் கவுன்ட்ட எறக்கப் போறியா?"

அவர் அப்படியொன்றும் பயப்பட்டிருக்க வேண்டியதில்லை. பழைய கட்டுரைக்கு இன்றைக்கும் மேற்கோள் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. திருத்தத்தை இதுவரை மேற்கோள் காட்டியவர் ஒரே ஒருவர். நான்தான்.

ஆனால் திருத்தம் வெளிவந்ததில் ஒரு சம்பவம் உண்டு. எழுதி முடித்ததும் முத்துலட்சுமியிடம் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "என் பேரு எங்க?" என்றாள்.

"பேரு போடக் கூடாது முத்துலட்சுமி. தகவல் சொன்னவங்க பேர மறைக்கணும்னு விதி. உன் பாதுகாப்புக்காகத்தான். 'தகவலாளி ஏழு'ன்னு போட்டிருக்கேன்."

"மருந்து அடிக்கிறப்ப இல்லாத பாதுகாப்பு பேப்பர்ல எதுக்கு? நாந்தான சொன்னேன், எம் பேரப் போடுங்க."

விதியில் ஒரு சந்து இருந்தது. தகவல் சொன்னவரின் பெயரைத்தான் மறைக்க வேண்டும்; எழுதியவரின் பெயரை மறைக்க வேண்டியதில்லை. அவள் பெயரை இணை ஆசிரியராகப் போட்டேன். 'பணிபுரியும் நிறுவனம்' என்ற கட்டத்தில் 'மல்லித் தோட்டம்' என்றும், பதவி என்ற கட்டத்தில் 'பூப் பறிப்பவர்' என்றும் நிரப்பினேன். மின்னஞ்சல் முகவரியை நானே அவளுக்குத் திறந்து கொடுத்தேன். கம்ப்யூட்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அச்சில் வந்த ஒரு மாதத்தில் அந்த முகவரிக்குக் கடிதங்கள் குவிந்தன; அச்சில் பெயர் வந்தவர்களுக்கெல்லாம் கட்டணம் கேட்கும் ஜர்னல்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புபவை. 'மதிப்பிற்குரிய டாக்டர் முத்துலட்சுமி அவர்களே' என்று உலகம் முழுவதிலிருந்தும் அழைத்தார்கள். கருத்தரங்குக்குத் தலைமை தாங்கக் கூப்பிட்டார்கள். சிறப்பிதழுக்குக் கட்டுரை கேட்டார்கள். அவற்றை வாசித்துக் காட்டினால் வயிறு குலுங்கச் சிரிப்பாள். கடைசியில் நிஜமாகவே ஒரு நல்ல ஜர்னலிலிருந்து, பூப் பறிக்கும் பெண்களைப் பற்றிய கட்டுரை ஒன்றை மதிப்பீடு செய்து தரும்படி அவளுக்குக் கடிதம் வந்தது. இப்போது 'உணர்வு' பட்டம். கட்டுரை, பூவின் மணமும் பறிப்பவரின் மகிழ்ச்சியும் பற்றியது.

முத்துலட்சுமியை என் வீட்டுக்கு வரச் சொல்லி, கட்டுரையைப் பத்தி பத்தியாகத் தமிழில் சொன்னேன். எங்களைப் போன்ற கல்லூரி ஆசிரியர்களுக்கு அதிகாரியின் முன்னால் தலைகுனியத் தெரியும். பூப் பறிப்பவரின் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல எனக்கு அன்றுதான் பழக்கமாயிற்று. அவள் கேட்டதெல்லாம் இவ்வளவுதான்.

"இதுல ஒரு எடத்துலயாவது முதுகு வலிக்குதுன்னு இருக்கா?"

"இல்ல."

"வெரலு வெந்துபோறது?"

"இல்ல."

"அப்ப இத எழுதுன புள்ள காட்டுக்குள்ள எறங்கல. ஒரு வாரம் வந்து குனிஞ்சு பறிச்சுட்டு, பெறகு எழுதச் சொல்லுங்க."

அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டேன். இத்தனை வருஷ வேலையில் நான் கற்றுக்கொண்டது மொத்தமும் அந்த மூன்று வரியில் வந்துவிட்டது. ஆய்வு செய்ய வரும் இளையவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்: புதுச் சொல் எது என்று தேடுவதற்கு முன்னால், பழைய இடத்துக்கு இன்னொரு முறை, தனியாகப் போங்கள்.

படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம் இருந்தது. கட்டுரை எழுதியவருக்குத் தெரியாமல், இதழின் ஆசிரியருக்கு மட்டும் ரகசியமாக ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அதில் கேட்டிருந்தார்கள். முத்துலட்சுமியிடம் கேட்டேன்.

"ரகசியமாச் சொல்ல என்ன இருக்கு டீச்சரு? எல்லாத்தையும் அந்தப் புள்ளகிட்ட நேரேயே சொல்லுங்க."

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன்.