லிஃப்ட்காரரின் மணல் மூட்டை

வேலை பார்த்த காலமெல்லாம் ஆட்களைத் தூக்கியே பிழைத்தவர் அவர். ஆனால் தூக்கியது ஒற்றை விரலால். உயரமான ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டினார். காலையில் மேலே ஏற்றிய ஆட்களையே மாலையில் கீழே இறக்கிவிடுவார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் யாரையும் எங்கேயும் கொண்டுசேர்க்காத உத்தியோகம் என்று அவரே சொல்லிக்கொள்வார். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றே பெயர். குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். இதைச் சொல்லிச் சிரிக்காத தபால்காரர் கிடையாது.

அந்த உத்தியோகம் அவரிடம் இரண்டு பழக்கங்களை விட்டுப்போயிருந்தது. ஒரு ஆள் உள்ளே கால் வைத்ததும் தரை அசைகிற அசைவிலேயே எடையைச் சொல்லிவிடுவார். இன்னொன்று, யாரோடு பேசினாலும் முகத்தைப் பார்க்கமாட்டார். அவர்கள் தலைக்கு மேலே பார்ப்பார். கதவுக்கு மேல் எரிந்து அணைகிற எண்களையே பார்த்துப் பழகிப்போன கண். "கல்யாணமாகி ஒரு வருஷம் வரைக்கும் என் நெத்தில ஏதோ ஒட்டியிருக்குன்னு நெனச்சேன்" என்பாள் மனைவி.

ஒரு நாள் காலை அவள் குளியலறை வாசலில் சரிந்து விழுந்தாள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். உயிர் மீண்டது, பேச்சு மீண்டது. இடது கையும் காலும் மீளவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே அவளைக் கட்டிலிலிருந்து ஜன்னலோர நாற்காலிக்கு மாற்றப் பார்த்தார் லிஃப்ட்காரர். பாதியில் முழங்கால் மடங்க, இருவரும் மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். எதிர்வீட்டு அம்மா நாயும் தானுமாக ஓடிவரும்வரை அப்படியே இருந்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு, பார்க்குக்கு வந்த மாதிரி" என்றாள் மனைவி.

செய்தி எட்டியதும் வெளியூர் மகன் போன் செய்தான். "பிடிவாதம் பிடிக்காதீங்கப்பா. இங்க நல்ல ஹோம் ஒண்ணு இருக்கு. நர்ஸ் இருக்காங்க, நல்ல பெட் இருக்கு."

"இங்கயும் பெட் இருக்குடா."

"தூக்க ஆள் இருக்கா?"

தனியாக ஆள் வைக்கப் பென்ஷன் இடம் கொடுக்காது. அவர் சொன்னார்: "ரெண்டு மாசம் பொறு. நீ வர்ற அன்னைக்கு உன் கண்ணு முன்னாடி தூக்கி உக்கார வைக்கிறேன். முடியலைன்னா கூட்டிட்டுப் போ."

கட்டிலில் கிடந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

மறுநாள் உடற்பயிற்சிச் சாமான் கடைக்குப் போனார். சட்டைக் கை கிழிந்துவிடும் போலத் தோள் பருத்த விற்பனையாள் ஒருவன், கம்பியும் சக்கரமும் கயிறுமாக அறை அளவு இருந்த யந்திரத்தைக் காட்டினான். "இது ஒண்ணு போதும் சார், வீடே ஜிம் ஆயிடும்."

"அப்புறம் நாங்க எங்க குடியிருக்கறது?"

நடக்கும் யந்திரத்தைக் காட்டினான். அதன் விலைக்கு ஆறு மாதம் வாடகை கட்டலாம். "மாடிக்கு யாரு தம்பி தூக்கிட்டு வருவா? எனக்கு அந்தத் தெம்பு இருந்தா இதை ஏன் வாங்கறேன்?" என்று கேட்டுவிட்டு, ஒரு ரப்பர் பட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியேறினார்.

பழைய சாமான் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு வீட்டுக்குப் போனார். உலகத்தில் பழைய உடற்பயிற்சிச் சாமான்போலப் புத்தம் புதிதாக இருக்கும் பழைய சாமான் வேறு கிடையாது. வீட்டுக்காரர் தொந்தியைத் தடவியபடி, ஈரத் துண்டு காய்ந்துகொண்டிருந்த டம்பெல் ஸ்டாண்டைக் காட்டினார்.

"ரெண்டே தடவைதான் தூக்கியிருக்கேன் சார். வாங்கி உள்ள வெச்சப்ப ஒண்ணு, இப்ப உங்களுக்கு எடுத்துக் குடுக்கறப்ப ஒண்ணு."

இரும்புத் தட்டுகளைக் கழற்றி மாட்டக்கூடிய அந்த ஜோடியைப் பாதி விலைக்கு வாங்கி, ஒவ்வொரு மாடியாக நின்று நின்று வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பயிற்சி அப்போதே தொடங்கிவிட்டது என்று சொல்லவேண்டும்.

வாரம் ஒருமுறை மனைவிக்குக் கை கால் அசைத்துவிட வருகிற பிசியோதெரபிப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "எதைத் தூக்கறதுக்கு அங்கிள் இது?" என்றாள்.

"இவளை."

"அப்ப கைல பலம் வந்து பிரயோஜனமில்ல. தொடைலயும் இடுப்புலயும் வரணும். நாற்காலில உக்காந்து உக்காந்து எந்திரிங்க, அது இலவசம். அப்புறம் ஒரு மணல் மூட்டை கட்டுங்க. இரும்புக்குப் பிடி இருக்கு. ஆன்ட்டிக்குப் பிடி இருக்கா?"

"எனக்கு இல்ல. அவருக்கு இருக்கு, உடும்புப் பிடி" என்றது கட்டில்.

தடித்த கித்தான் பை ஒன்றில் சிறு சிறு மணல் பொட்டலங்களாகப் போட்டு மூட்டை உருவானது. கட்டிப்பிடித்து, முதுகை வளைக்காமல், காலால் எழ வேண்டும். முதுகு பிடித்துக்கொண்டால் அன்றோடு நிறுத்த வேண்டும் என்று அந்தப் பெண் கண்டித்துச் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் மனைவியின் எடை அறுபத்திரண்டு கிலோ என்று இருந்தது. அங்கே போய்ச் சேர்வதுதான் இலக்கு. அதுவரை அவளுக்கு எல்லாம் கட்டிலிலேயே நடந்தது. இருபதில் ஆரம்பித்தார். உடம்பு பழகப் பழக ஒரு பொட்டலம் கூடும். மணல் தீர்ந்தபோது டம்பெல் தட்டுகளும் பைக்குள் போயின. தராசில் எண் ஏற ஏற, பழைய லிஃப்டில் மாடி எண்கள் எரிவதைப் பார்ப்பதுபோல் ஒரு திருப்தி.

மத்தியானம் மனைவிக்குத் தட்டில் சாப்பாடு வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் பயிற்சிக்குப் போவார். அவள் வலது கையால் தானே சாப்பிட்டுக்கொள்வாள். திரும்பி வரும்போது தட்டு துடைத்து வைத்ததுபோல் இருக்கும். எதிர்வீட்டு நாய் கட்டிலடியில் படுத்திருக்கும். அதை அவர் பார்த்திருக்கலாம். அவர் கண்தான் எப்போதும் மேலே இருக்குமே.

"என்னன்னே தெரியல, இவன் பந்து மாதிரி ஆயிட்டான். மாடி ஏற நாலு எடத்துல ஒக்கார்றான்" என்று எதிர்வீட்டு அம்மா நாயைக் காட்டி அங்கலாய்த்தாள்.

"மணல் மூட்டை தூக்கச் சொல்லுங்க" என்றார் லிஃப்ட்காரர். நல்ல உற்சாகத்தில் இருந்தார். அன்று பை அறுபதைத் தொட்டிருந்தது.

இரண்டு மாதம் முடிந்து மகன் வந்தான். பையைத் தொட்டுப் பார்த்தான், அப்பாவின் தோளைப் பார்த்தான், சுவரோரம் போய் நின்றான். அவர் கட்டிலருகே குனிந்து, மனைவியின் முதுகைச் சுற்றிக் கை கோத்து, பாதத்தை அழுத்தி எழுந்தார்.

எழுந்த வேகத்தில் பின்பக்கம் விழப் பார்த்தார். காலி லிஃப்ட் திடுக்கென்று கிளம்புவதுபோல் அவள் மேலே வந்துவிட்டாள்.

"சபாஷ்ப்பா!" என்றான் மகன். முகத்தில் நிஜமான நிம்மதி. "நீங்க சொன்னபடி செஞ்சுட்டீங்க. அம்மா இங்கயே இருக்கட்டும்."

அவர் அவளை நாற்காலியில் இறக்கவில்லை. அணைத்தபடி நின்றார். உள்ளங்காலும் தோளும் ஒரு கணக்குச் சொல்லின. அந்தக் கணக்கு அறுபத்திரண்டு இல்லை, ஐம்பதுகூட இல்லை. வெகுநாளைக்குப் பிறகு முகத்தைப் பார்த்தார். கன்னம் ஒட்டியிருந்தது. தாடையெலும்பு தெரிந்தது.

"எத்தனை நாளா?"

அவள் முதலில் ஜன்னலைப் பார்த்தாள். "நீங்க அந்தப் பக்கம் ஏத்திக்கிட்டே இருந்தீங்க. நான் இந்தப் பக்கம் கொஞ்சம் எறக்கினேன். மறுபக்கம் எடைக்கல்லு எறங்கினாத்தானே பெட்டி ஏறும்? லிஃப்டைப் பத்தி நீங்க சொன்னதுதான்."

"சாப்பாடு?"

கட்டிலடியிலிருந்து நாய் வாலை ஆட்டியது.

நாற்காலியில் உட்காரவைத்தார். மகனைப் பார்த்துச் சொன்னார்: "இது கணக்குல சேராது."

"என்னப்பா, தூக்கியாச்சே!"

"நான் தூக்கறேன்னு சொன்னது உன் அம்மாவை. இது பாதி ஆளு. மீதி வரட்டும், அப்ப வந்து பாரு. அன்னைக்கு முடியலைன்னா நானே கொண்டாந்து விடறேன்."

கையில் வந்த வெற்றியை இப்படித் தூக்கிக் கொடுக்கிற மனிதரை என்ன செய்வது என்று மகனுக்குத் தெரியவில்லை. அம்மாவைப் பார்த்தான். அவள் முதல் தடவையாக அழுதுகொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து மத்தியானப் பயிற்சி நின்றது, காலைக்கு மாறியது. மத்தியானத்தில் கதவு சாத்தியிருக்கும். வெளியே நாய் பிராண்டும். அவர் ஸ்டூலைப் போட்டு எதிரில் உட்கார்ந்து, தட்டையும் அவள் வாயையும் மாறி மாறிப் பார்ப்பார். "போலீஸ் ஸ்டேஷன்ல சாப்பிடற மாதிரி இருக்கு" என்பாள் அவள். "சாப்பிட்டாத்தான் ரிலீஸ்" என்பார் அவர்.

மகன் மறுபடி வந்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. பிசியோதெரபிப் பெண்ணும் இருந்தாள். லிஃப்ட்காரர் குனிந்தார். இந்த முறை திடுக்கிடல் இல்லை. தொடை நடுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது, ஒரு கணம் இருவரும் தரைக்கும் நாற்காலிக்கும் நடுவே எந்த மாடியும் இல்லாத இடத்தில் நின்றார்கள். மகன் கை நீட்டப் போனான். அந்தப் பெண் அவனைத் தடுத்தாள். மெல்ல, மிக மெல்லத் திரும்பி இறக்கினார். நாற்காலி கிரீச்சிட்டது.

"கனக்கறேனா?" என்றாள் அவள், பயந்துபோய்.

அவர் மூச்சு வாங்கியபடி அவள் முகத்தையே பார்த்தார்.

"நல்லாக் கனக்கறே" என்றார்.