வரமாட்டேன் என்ற கப்பல்

சாந்தகுமாரிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்துபோகும். பர்மியப் புறநகரான ஷ்வேப்யிதாவில் அவள் தையல் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் சூப்பர்வைசருக்கே அது தெரியும். அவள் மெதுவாகப் பேசத் தொடங்கினால் அவர் அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிடுவார்.

இரண்டு வருடமாக அவள் மெதுவாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். தம்பி உதயசூரியன் சரக்குக் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடும் ஆயில்மேனாகப் போனவன். கப்பல் முதலாளி ஏதோ ஒரு அந்நியத் துறைமுகத்துக்கு வெளியே கப்பலையும் ஆட்களையும் அப்படியே கைவிட்டுவிட்டான். குடிக்கத் தார்ப்பாயில் பிடித்த மழைத்தண்ணீர், தின்ன வெறும் சோறு, பிறகு அதுவும் இல்லை. மாதக்கணக்கில் கிடந்து திரும்பியவனுக்கு மாடிப்படி ஏற முடியாதபடி கால் வீங்கியிருந்தது. ஆட்களை அனுப்பிய ஏஜென்ட் விநாயகமூர்த்தியிடம் போய் அவள் நியாயம் கேட்டாள். கடல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கக் கிளம்பினார்.

இந்த நிலையில்தான் நகரத்துக்குள் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் நாடகம் போடும் வாஜித் அவளை நடிக்கக் கூப்பிட்டான். பழைய கிரேக்க நகைச்சுவை நாடகங்களிலிருந்து கடல் சங்கதிகளை மட்டும் எடுத்துத் தமிழில் கோத்திருந்தான். துடுப்புப் போடத் தெரியாமல் படகில் புலம்பும் பெரிய மனிதர் ஒருவர் வருவார். பசியில் பூண்டுக்கும் வெங்காயத்துக்கும் அடித்துக்கொள்ளும் துடுப்புக்காரர்கள் வருவார்கள். கடைசியில் போர்க்கப்பல்களே பெண்களைப் போலக் கூட்டம் போடும். வீம்புக்காரத் தலைவன் ஒருவன் தங்களைத் தூரதேசப் போருக்கு ஓட்டப் பார்க்கிறான் என்று கேள்விப்பட்டு, வரமாட்டோம் என்று சொல்லிவிடும். மூத்த கப்பல் வேஷம் சாந்தகுமாரிக்கு.

ஒத்திகையில் துடுப்புக்காரர்களின் சண்டையைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு உடம்பு எரிந்தது. “பட்டினி கிடக்குறதுல என்ன சயா சிரிப்பு?” என்று வாஜித்திடம் கேட்டாள். வாத்தியாரை அங்கே சயா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தக் காலத்துக் கிரேக்கத்தில் இந்த நாடகங்களைப் பார்க்க வந்தவர்களிலேயே துடுப்பு வலித்துக் கை காய்த்தவர்கள் நிறைய இருந்தார்கள் என்றான் வாஜித். “அவங்க பசியைப் பாத்து சிரிக்கல. தங்களை அனுப்பினவனைப் பாத்து சிரிச்சாங்க.”

அதற்குப் பிறகுதான் அவள் ஒத்திகைக்கு ஒழுங்காக வரத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கோயில் மண்டபத்தில் நாடகம். கமிட்டிக்காரர்கள் விநாயகமூர்த்தியைத் தலைமை விருந்தினராக அழைத்து, மாலை போட்டு முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். துடுப்புக்காரர்கள் பூண்டுக்கு அடித்துக்கொண்டபோது மண்டபத்திலேயே அதிகம் சிரித்தவர் அவர்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டுத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

அடுத்துக் கப்பல்களின் கூட்டம். சாந்தகுமாரி இடுப்பை ஆட்டி நடந்து வர வேண்டும். அவள் ஆட்டவில்லை. நேராக மேடை விளிம்புக்கு வந்து, எழுதிக் கொடுத்த வசனத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்துப் பேசினாள். குரல் தாழ்ந்திருந்தது. ஆனாலும் கடைசி வரிசை வரை கேட்டது.

“என் அடித்தட்டு துருப்பிடிச்சுப் போனது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் என் தம்பிய அதுல ஏத்துனீங்க. அவன் மழைத்தண்ணியைக் குடிச்சுக் கெடந்தான். இப்ப சிரிங்க ஐயா. நான் பாக்கணும்.”

விநாயகமூர்த்தி மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு வெளியேறினார். சொல்லிவிட்டால் நெஞ்சு ஆறிவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். ஆறவில்லை. சொல்ல இன்னும் நிறைய இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“கால் சரியானதும் அவருகிட்டதான் இன்னொரு கப்பல் கேக்கலாம்னு இருந்தேன்க்கா. இனி என்னை யாரு ஏத்துவா?”

கடல் என்றால் அப்படித்தான் என்று விநாயகமூர்த்தி சொன்னதைவிட இதுதான் அவளைக் கொதிக்க வைத்தது. சாகக் கொடுத்தவன் வாசலிலேயே மறுபடி போய் நிற்க வேண்டும் என்று இவனை நினைக்க வைத்தது எது? தம்பியைத் திட்டுவதா, அந்த ஆளைத் திட்டுவதா என்று தெரியாமல், அடுப்பில் இருந்த சட்டியை இறக்கி வைக்கிற சாக்கில் ஓங்கிப் போட்டாள்.

கமிட்டி, இனி உங்கள் குழுவுக்கு மண்டபம் இல்லை என்றது. வாஜித் அசரவில்லை. நகரத்துக்கு வெளியே மாவ்பியில் ஒரு நெல் கொட்டகை பிடித்தான். உதயசூரியன் நாடகம் பார்க்க வரவில்லை. ஆனால் அதே கப்பலில் அவனோடு கிடந்த இருவர் விஷயம் கேள்விப்பட்டுத் தேடி வந்து, துடுப்புக்காரர் வேஷத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பூண்டுச் சண்டையில் கொட்டகையே சிரித்தது. அடித்துக்கொண்டே அந்த இருவரும் சிரித்தார்கள்.

சாந்தகுமாரி சிரிக்கவில்லை. அட்டையில் செய்த கப்பல் மூக்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, திரைக்குப் பின்னால் தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தாள்.