யாரும் புழங்காத கார்

என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளையே ஏதாவது கல்லில் காலூன்றித்தான் ஏறுவார். அப்படிப்பட்டவர், வாங்கினால் புதுக் கார்தான் வாங்குவேன் என்று திண்டிவனம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருப்பவருக்கு அதுதான் கௌரவமாம். கௌரவம்! மூட்டையோடு வருகிற விவசாயிக்கு உட்கார ஒரு ஸ்டூல் போடாத கௌரவம்.

எண்பதுகளின் நடுவில் புதுக் கார் என்பது கடைக்குப் போனோம், வாங்கினோம் என்கிற பொருள் இல்லை. பணம் கட்டிப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவருக்கு என்ன அவசரம்? அவசரம் எனக்குத்தான். நான் விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் டீச்சர். காலையில் திண்டிவனத்தில் பஸ் ஏறி, பெரும்பாலும் நின்றுகொண்டே போய், சாயங்காலம் அதேபோல் திரும்புவேன். கூட்டேரிப்பட்டு தாண்டினால் ரோடு பல்லிளிக்கும். அப்படிப் போய் வந்துகொண்டிருந்ததில் எனக்கு இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. மூன்றாவது தங்கி மூன்று மாதம் ஆனபோது லேடி டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இனி பஸ்ஸில் ஏறினால் இதுவும் நிற்காது, வேலையை விடு, இல்லையென்றால் ஒரு காரைப் பார் என்றார்.

வேலையை விட்டுவிடு என்றார் இவர், ரசத்தில் உப்பில்லை என்கிற அதே குரலில். எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்துவிட்டு ஏழு வருடம் காத்துக் கிடந்து வாங்கிய வேலை. விடமாட்டேன் என்றேன்.

அந்த வாரமே விழுப்புரத்தில் ஒரு மாட்டு டாக்டர் ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குப் போகிறார், காரை விற்கப் போகிறார் என்று பள்ளியில் பேச்சு அடிபட்டது. பத்து வருடம் அவர் ஒருவரே ஓட்டிய வண்டி. சொந்தப் பிள்ளையைப்போல் துடைத்து வைத்திருந்தார். பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். காலை நீட்ட முடிந்தது. இரண்டு பிள்ளை போனபோதும் அடக்கிவைத்திருந்த அழுகை, அந்தச் சீட்டில் உட்கார்ந்ததும் வந்துவிட்டது.

மறுநாள் இவர் வந்து பார்த்த அழகைச் சொல்ல வேண்டும். மூட்டையைத் தட்டுவதுபோல் பானெட்டைத் தட்டினார். கதவை நாலு தரம் திறந்து மூடினார். ஹாரன் அடித்தார். பினாயில் வாடை வருகிறதென்று மூக்கைப் பொத்திக்கொண்டார். அந்த டாக்டர் பாவம், இவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடித்துவிட்டுத் தெருவுக்கு வந்ததும் திருவாய் மலர்ந்தார்.

"எவனெவனோ ஓட்டிக்கினு திரிஞ்ச வண்டி. ஒருத்தன் பொழங்குன பொருளு நம்ம வூட்டு வாசல்ல நிக்கக்கூடாது. புதுசுக்குப் பணம் கட்டியாச்சு. வரும், இரு."

இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கிற ஜன்மம். என் வயிறு இவர் காருக்காகக் காத்திருக்குமா?

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் இவருக்கு இரண்டாம் தாரம். முதல் மனைவி காய்ச்சலில் போன பிறகு என்னைக் கட்டினார். நான் படுத்த கட்டில் அந்த அம்மாளுடையது. பீரோ அவளுடையது. அண்டாவிலிருந்து கரண்டி வரை அவள் பெயர்தான் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. நாலு வருடமாக அந்தப் பெயரைத்தான் நான் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அன்று காப்பியை ஆற்றி, தம்ளரில் இருந்த பெயர் அவர் பக்கம் பார்க்கிற மாதிரி வைத்தேன்.

"ஏங்க, இது யாரு பொழங்குன தம்ளருங்க?" என்றேன். "நான் படுத்துக்கினு இருக்கிற கட்டிலு யாருதுங்க? அதெல்லாம் வுடுங்க, நீங்க யாரு பொழங்குன ஆளுங்க?"

முகம் கறுத்துப்போயிற்று. காப்பியைத் தொடவில்லை. சரி, உறைத்துவிட்டது, நாளைக்குப் போய் அந்தக் காருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவார் என்று நம்பினேன். நானும் ஒரு முட்டாள்தான். மறுநாள் பள்ளியிலிருந்து திரும்பினால், சமையலறையில் பழைய பாத்திரம் ஒன்றைக்கூடக் காணோம். அத்தனையையும் சாக்கில் கட்டிப் பாத்திரக் கடையில் போட்டுவிட்டு, புதுசு வாங்கி, என் பெயரை வெட்டி வரிசையாக அடுக்கிவைத்திருந்தார். இப்போது திருப்தியா என்று வேறு கேட்டார். இந்த மனிதரிடம் போய் என்ன பேசுவது?

மாடத்து மூலையில் ஒரு பாலாடை மட்டும் அவர் கண்ணுக்குத் தப்பியிருந்தது. குழந்தைக்குப் பால் புகட்டுகிற, மூக்கு வைத்த சின்ன வெள்ளிக் கிண்ணம். அதன் அடியிலும் அவள் பெயர். பிள்ளை பெறாமலே போனவள் எந்த நம்பிக்கையில் வாங்கிப் பெயர் வெட்டி வைத்தாளோ. அதை எடுத்து என் புடவைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

மாட்டு டாக்டரின் காரைத் திண்டிவனம் ஸ்டாண்டில் வாடகைக்கு ஓட்டுகிற ஒருவர் வாங்கிவிட்டார். நல்லதாகப் போயிற்று. நானும் விழுப்புரம் போகிற இன்னும் மூன்று டீச்சர்களும் சேர்ந்து மாத வாடகை பேசிக்கொண்டோம். தினம் காலையில் அந்தக் கார், நிற்கக்கூடாது என்று இவர் சொன்ன அதே வாசலில் வந்து நின்று ஹாரன் அடிக்கும். இவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். டிரைவர் ஒவ்வொரு பள்ளத்தையும் முன்கூட்டியே சொல்லி, வண்டியை மெல்ல இறக்கி மெல்ல ஏற்றுவார். இதற்குள் இவர் வராத காருக்கு ஷெட் போட்டுவிட்டார். எருமை வாங்கும் முன்னே நெய்க்கு விலை பேசின கதை.

மூன்று மாதம் ஆறாகி, ஆறு ஒன்பதானது. வலி எடுத்த அன்று ஸ்டாண்டுக்கு ஓடிப்போய் அந்தக் காரையே கூட்டிவந்தவர் இவர்தான். முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஜல்தி ஜல்தி என்று டிரைவரை விரட்டினார். யார் புழங்கிய சீட்டு என்று கேட்க எனக்கு அப்போது மூச்சில்லை. பெண் பிறந்தாள், முழுசாக, கத்திக்கொண்டு.

புதுக் கார் வந்தபோது அவளுக்கு ஒன்றரை வயது. இவர் பூசணிக்காய் உடைத்து, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பார்க்க வந்தவர்களைச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னார். சீட்டின் பிளாஸ்டிக் உறையை யாரும் தொடக்கூடாது. குழந்தைக்கு அன்று சளி. நான் வாசற்படியில் உட்கார்ந்து, மடியில் போட்டு மருந்து புகட்டிக்கொண்டிருந்தேன். இவர் வந்து அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எம் பொண்ணு பொழங்கறது அல்லாமே புதுசு. இன்னொருத்தர் தொட்டது ஒண்ணு கெடையாது."

நான் பாலாடையை இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். அதன் அடியில் இருந்த பெயர் அவர் முகத்துக்கு நேராகத்தான் இருந்தது. அவர் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.