கொஞ்சம் என்றொரு குடும்பப் பெயர்

இத்தாலியில் சுற்றிய பதினோரு நாளும் என்னை எல்லோரும் என் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். மிலானில் முதல் நாள் காலை, ஹோட்டல் சாப்பாட்டு அறை வாசலில் நின்ற பெண் கையிலிருந்த பட்டியலைப் பார்த்து, "பொன்ஜோர்னோ, சிஞ்ஞோர் சிவகொட்சுந்து" என்றாள். நான் சட்டென்று திரும்பிப் பின்னால் பார்த்தேன். லால்குடியில் பேப்பர் படித்துக்கொண்டிருக்க வேண்டிய மனுஷன் இங்கே எப்படி வந்தார்? பிறகுதான் உறைத்தது, அது நான்தான். முதன்முதலில் பாஸ்போர்ட் எடுத்தபோது விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? காலியாக விட்டால் பின்னால் வம்பு என்று யாரோ பயமுறுத்த, அப்பா பெயரான சிவக்கொழுந்தை எழுதிவைத்தேன். செந்தில் என்கிற என் சொந்தப் பெயரை அந்த நாட்டில் ஒருத்தரும் சீண்டவில்லை.

என் மனைவி மல்லிகா பினாங்குக்காரி. பட்டர்வொர்த்தில் பாகான் டாலாம் என்கிற இடத்தில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய மலேசிய பாஸ்போர்ட்டில் 'மல்லிகா ஏ/பி முனியாண்டி' என்று ஒரே வரியாக இருக்கும். ஏ/பி என்பது மகள் என்ற மலாய்ச் சொல்லின் சுருக்கம். இத்தாலிக்காரர்களுக்கு அது எங்கே தெரியப்போகிறது? கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு 'சிஞ்ஞோரா முனியாந்தி' என்று அத்தனை சரளமாகச் சொன்னார்கள், தெருவுக்கு இரண்டு முனியாண்டி இருப்பதுபோல. வெனிஸில் ஒரு ஹோட்டல்காரர் பூர்வீகம் சிசிலித் தீவா என்றே கேட்டுவிட்டார். "நோ லா, பாகான் டாலாம்" என்று இவளும் முகத்தை மாற்றாமல் பதில் சொன்னாள்.

"நம்ம ரெண்டு அப்பாவும் ஒரே ரூம்ல தங்கிருக்காங்க, தெரியுமா?" என்று அறைக்கு வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்க வேண்டிய விஷயம்தான். அந்த இருவரும் சேர்ந்து இருந்தது எங்கள் கல்யாணத்தின்போது மட்டும். பந்தியில் மாமனார் என் தோளைத் தட்டி, "மாப்பிள்ள இனிமே எங்க ஊருப் பிள்ள" என்றார். பாசத்தில் சொன்னதுதான். அப்பா பாயசத்தை அப்படியே வைத்துவிட்டுக் கைகழுவ எழுந்துபோனார். அதன்பிறகு ஒருவர் உடல்நலத்தை ஒருவர் எங்கள் வழியாகத்தான் விசாரித்துக்கொள்கிறார்கள்.

நான் பினாங்கில் புக்கிட் தெங்கா என்கிற இடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு இயந்திரப் பராமரிப்பு வேலைக்கென்று வந்தவன். இரண்டு வருஷம் என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. ஜார்ஜ் டவுனில் ஏழாவது மாடி வீடு, தினமும் கடல் பாலத்தைக் கடந்து வேலை, சனிக்கிழமை பாசார் சந்தையில் மீன். மல்லிகா ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிறாள். கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் ஆனதற்கு எங்கேயாவது கூட்டிப்போங்கள் என்றாள். எங்கே என்று கேட்டேன். "இத்தாலி. ரயில்ல." ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டே போகவேண்டுமாம். அவளுக்கு விசாவே வேண்டாம். எனக்கோ கோலாலம்பூர் வரை போய் விரல்ரேகை வைத்து, சம்பளச் சீட்டிலிருந்து கல்யாணச் சான்றிதழ் வரை நகல் கொடுத்து, அப்பாடா என்று ஒரு ஸ்டிக்கர் வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. ஊரில் இருக்கிற உங்களுக்கு இது விளங்காது. என்னைப் போல பாஸ்போர்ட் ஒரு நாட்டிலும் படுக்கை ஒரு நாட்டிலுமாக இருக்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

ரயில் பயணம் என்னவோ சொர்க்கம்தான். அங்கே பிளாட்பாரத்துக்கு 'பினாரியோ' என்று பெயர். எந்த பினாரியோ என்பதைக் கடைசி நேரம்வரை பலகையில் காட்டமாட்டார்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்கள். எண் விழுந்ததும் மொத்தக் கூட்டமும் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடும். இரண்டாம் நாளே மல்லிகா என்னைவிட நன்றாக ஓடக் கற்றுக்கொண்டாள். வெனிஸ் தண்ணீரைப் பார்த்து நான் வாயைப் பிளந்தபோது, "நம்ம பினாங்கு ஃபெரி படகுல காத்து இன்னும் நல்லா வரும்" என்று ஒரே போடாகப் போட்டாள்.

ஏழாம் நாள். பிளாரன்ஸிலிருந்து பீசாவின் சாய்ந்த கோபுரம் பார்க்கச் சாதாரண ரயிலில் கிளம்பினோம். வெயில். இடுப்பில் கட்டியிருந்த சின்னப் பை வேர்வையில் நசநசவென்று இருந்ததால் கழற்றி ஜன்னலோரக் கொக்கியில் மாட்டினேன். பீசாவில் இறங்கி, கோபுரம்வரை நடந்து, எல்லோரும் செய்கிற கோமாளித்தனத்தை நானும் செய்தேன். இரண்டு கையையும் தூக்கி, சாய்கிற கோபுரத்தைத் தாங்குவதுபோல நின்றேன். மல்லிகா போனை உயர்த்தினாள். படம் எடுக்கவில்லை. போனைத் தாழ்த்தினாள்.

"என்னங்க, உங்க பை எங்க?"

தூக்கிய கை தூக்கியபடியே நின்றேன். சட்டை மேலேறி இடுப்பு வெறுமையாகத் தெரிந்தது. அந்தப் பைக்குள்தான் என் பாஸ்போர்ட் இருந்தது.

ஸ்டேஷனுக்கு ஓடினோம். அந்த ரயில் கடற்கரையோரக் கடைசி ஊருக்குப் போய்விட்டது, அங்கே போய்க் கேளுங்கள் என்று ஓர் ஊழியர் சைகையால் சொன்னார். அடுத்த ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில் நான் பிளாட்பாரத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மலேசியாவில் நான் குடியிருப்பதே மல்லிகாவின் கணவன் என்கிற அனுமதியில்தான். அந்த அனுமதி ஸ்டிக்கராக அந்த பாஸ்போர்ட்டுக்குள்தான் ஒட்டியிருக்கிறது. முன்பு எங்கள் தொழிற்சாலையில் ஒருவர் விடுமுறைக்கு பாங்காக் போன இடத்தில் இப்படித்தான் தொலைத்தார். தூதரகத்தில் அவசரத்துக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். அது இந்தியாவுக்கு மட்டும், அதுவும் போக மட்டும். அவர் திருநெல்வேலிக்குப் போய், புது பாஸ்போர்ட் எடுத்து, மலேசிய அனுமதியைத் திரும்ப வாங்கி, பினாங்குக்கு வந்து சேர மாதக்கணக்கு ஆயிற்று. அதற்குள் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

கடைசி ஸ்டேஷனில் தொலைந்த பொருள்களுக்கென்று ஒரு ஜன்னல் இருந்தது. உள்ளே வெள்ளை மீசை வைத்த பெரியவர். பாஸ்போர்ட், கறுப்புப் பை, ரயில் என்று ஆங்கிலத்தில் கொட்டித் தீர்த்தேன். அவர் நிதானமாக ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "நோமெ?" என்றார். பெயரைக் கேட்கிறார் என்று புரிந்தது. "செந்தில்" என்றேன். எழுதிக்கொண்டு, நிமிர்ந்து, "கொஞ்ஞோமெ?" என்றார்.

சத்தியமாக என் காதில் 'கொஞ்சமே' என்றுதான் விழுந்தது. பதற்றத்தில் இருக்கிறவன் காது தெரிந்த மொழியைத்தானே தேடும்? இத்தாலி மொழி கொஞ்சமாவது தெரியுமா என்று கேட்கிறார்போல என்று நானாக முடிவு கட்டிக்கொண்டு, "கொஞ்சம், கொஞ்சம்" என்று விரலால் அளவு காட்டித் தலையாட்டினேன். அவரும் தலையாட்டினார். எதையோ எழுதினார். தொலைபேசியை எடுத்து உள்ளே யாரிடமோ விசாரித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"நோ. சாரி. போலீஸ்." படிவத்தின் நகலைக் கிழித்து மல்லிகாவிடம் நீட்டினார்.

வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"டென்ஷன் ஆவாதீங்க. ரோம்ல உங்க எம்பசி இருக்குதானே? அவங்க பேப்பர் குடுப்பாங்க. ஊருக்குப் போயி புது பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டு, அப்பாகூட இருந்துட்டு வாங்க. நாலு வருசமா பாக்கலதானே? நல்லதுன்னு நெனச்சுக்குங்க லா."

"எனக்கு ஊருக்குப் போக வேணாம் மல்லிகா," என்றேன். "வீட்டுக்குப் போகணும்."

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பதினெட்டு வருஷமாக ஊருக்குப் போயிடணும், ஊருக்குப் போயிடணும் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். தீபாவளிக்கு நண்பர்கள் கூடினால் அதைத்தான் பேசுவேன். லால்குடியில் மாடி எடுத்துக் கட்டுவதற்குப் படம்கூட வரைந்து வைத்திருக்கிறேன். அப்பா போனில் "எப்பதான் வர்றதா உத்தேசம்?" என்று கேட்கும்போதெல்லாம், "இன்னும் ரெண்டு வருஷம்ப்பா" என்று மனசாரத்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது, இந்தா, போ என்று அனுப்பிவைக்கப்போகிறார்கள் என்றதும் நாடு கடத்தப்பட்டவன் மாதிரி அழுகிறேன். நான் லால்குடியில் போய் இறங்குகிற அதே நிமிஷத்தில் மல்லிகா அவள் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஏழாவது மாடிக்குத் தனியாகப் போய்க் கதவைத் திறப்பாள். வெட்கமாக இருந்தது. யாரிடம் வெட்கம் என்று கேட்டால், அப்பாவிடம்தான்.

மல்லிகா என் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறுகையில் இருந்த படிவத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் உடம்பு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

"அலாமாக்! என்னங்க, இங்க பாருங்க. உங்க பேர என்னான்னு எழுதிருக்காரு!"

பார்த்தேன். முதல் கட்டத்தில் 'செந்தில்'. அடுத்த கட்டத்தில், அழகான கையெழுத்தில், கே, ஓ, என், ஜே, ஏ, எம். கொஞ்சம். அந்த மனுஷன் கேட்டது குடும்பப் பெயரை. இவ்வளவு நேரமும் உள்ளே தேடிக்கொண்டிருந்தது திருவாளர் கொஞ்சம் என்பவரின் பாஸ்போர்ட்டை. அப்படி ஒருவர் உலகத்திலேயே கிடையாதே, பாஸ்போர்ட் எங்கிருந்து வரும்?

நான் எழுவதற்குள் மல்லிகா ஜன்னலுக்கு ஓடிவிட்டாள். பினாரியோவுக்கு ஓடிப் பழகிய கால்கள். கண்ணாடியைத் தட்டி, ஸ்டேஷன் முழுக்கக் கேட்கும்படி, "சிவக்கொழுந்து! சிவக்கொழுந்து!" என்று கத்தினாள். மாமனார் பெயரை வீட்டில் முணுமுணுக்கக்கூட மாட்டாதவள். பெரியவர் மிரண்டுபோய்ப் பேனாவையும் தாளையும் நீட்டினார். பெரிய பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினாள். அவர் அதை உரக்கப் படித்தார், பாதியில் நின்றார், நெற்றியில் அறைந்துகொண்டார், உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் என் கறுப்புப் பை இருந்தது. ரயில் பரிசோதகர் அப்போதே எடுத்து ஒப்படைத்துவிட்டிருக்கிறார்.

பாஸ்போர்ட்டைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து, பக்கத்தைப் புரட்டி மலேசிய ஸ்டிக்கரைப் பார்த்து, மறுபடி முகத்தைப் பார்த்தேன். அப்பப்பா! போன உயிர் திரும்பி வந்தது என்பதை அதற்குமுன் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொல்லியிருக்கிறேன். நடந்ததை மல்லிகா சைகையும் ஆங்கிலமுமாக விளக்க, பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "சிஞ்ஞோர் கொஞ்சம்!" என்று என் கையைக் குலுக்கினார். குலுக்கிய கையை நான்தான் விடவில்லை. ஸ்டேஷன் கடையில் ஆளுக்கு இரண்டு ரொட்டி வாங்கி நின்றுகொண்டே தின்றோம். அன்று காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது. மல்லிகா என்னைப் பார்ப்பதும் சிரிப்பதுமாக இருந்தாள், நானும் சிரித்தேன், பக்கத்திலிருந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

திரும்புகிற ரயிலில் அப்பாவுக்குப் போன் செய்தேன். பாஸ்போர்ட்டைப் பைக்குள் வைக்க மனம் வரவில்லை. சட்டைப் பையில் வைத்து, இடது கையை அதன்மேல் வைத்திருந்தேன்.

"என்னடா, இன்னைக்கு ஞாயித்துக்கெழம இல்லியே?" என்றார். முழுக்கதையையும் சொன்னேன். பெஞ்சில் அழுததை மட்டும் விட்டுவிட்டேன். அப்பா இருமிக்கொண்டே சிரித்தார்.

"மல்லிகா எம் பேரச் சொல்லியா கூவுச்சு? கூவட்டும், கூவட்டும். எழுவத்தாறு வருசம் சீந்த ஆளில்லாத பேரு, இத்தாலியில போயி வேல செஞ்சிருக்கு பாரு."

"ஆமாப்பா."

"கெடைக்காமப் போயிருந்தா என்னடா பண்ணியிருப்பாங்க?"

"நேரா இந்தியாவுக்கு அனுப்பியிருப்பாங்கப்பா."

"இங்கியா?"

"ம்."

"எத்தன நாளு இருக்கறாப்புல ஆயிருக்கும்?"

"ரெண்டு மூணு மாசம் ஆயிருக்கும்ப்பா. கூடவும் ஆயிருக்கும்."

"மூணு மாசமா..." என்றார் அப்பா. பின்னால் அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் செய்தி ஓடுவது கேட்டது. ரயில் ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்று புறப்பட்டது.

"சரி, சரி. கெடச்சிருச்சில்ல. அது போதும்," என்றார். "பத்திரமா வச்சுக்க."

"வச்சிருக்கேன்ப்பா," என்றேன். வலது கையில் அப்பா. இடது கை பாஸ்போர்ட்டை நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தது. அவர் போனை வைக்கும்வரை அதை நான் தளர்த்தவில்லை.