விசில் அண்ணியும் மேல் பலகையும்

எங்கள் அண்ணி நகராட்சி நீச்சல் குளத்தில் காவலர் வேலைக்குச் சேர்ந்தபோது, வீட்டில் ஒருவரும் அதை வேலை என்று ஒத்துக்கொள்ளவில்லை. "தண்ணிய வேடிக்கை பாக்கறதுக்குச் சம்பளமா?" என்று என் அண்ணனே கேட்டார். அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர்.

"நீங்க லிஃப்ட வேடிக்கை பாக்கறீங்க, நான் தண்ணிய வேடிக்கை பாக்கறேன். ஏறினவங்க பத்திரமா இறங்கணும். ரெண்டு பேருக்கும் அவ்வளவுதான் வேலை" என்றார் அண்ணி.

குடும்பத்தாரைப் பற்றிய விவரங்களைத் தொகுத்து வைக்கும் பொறுப்பு என்னுடையது என்பதால், அண்ணியைப் பற்றிய இந்தக் குறிப்பை எழுதும் வேலையும் என் கைக்கு வந்தது. நான் கண்டதைக் கண்டது என்றும், பிறர் சொன்னதைச் சொன்னது என்றும் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் அவருடைய இடது மணிக்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது சற்றே கோணல். அண்ணியின் தகப்பனார் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர். அண்ணி பள்ளியில் படித்த காலத்தில், ஒரு நாள் தோழிகள் கைதட்ட, அழுக்குத் துணி ஏற்றும் தள்ளுவண்டியில் ஏறி உட்கார்ந்து, நோயாளிகளுக்கான சரிவுப் பாதையில் உருண்டு வந்தார். வண்டி சுவரில் மோதி நின்றது, அண்ணி நிற்கவில்லை. விழுந்த இடமே மருத்துவமனை என்பதால் தூக்கிக்கொண்டு ஓடும் சிரமம் ஒருவருக்கும் இல்லை.

"வண்டிக்கு பிரேக் கெடையாதுன்னு தெரியாதா அண்ணி?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"தெரியாமயா? அந்த வண்டிக்கு பிரேக் வெச்சுத் தரச் சொல்லி எங்கப்பா குடுத்த மனுவ அழகான கையெழுத்துல எழுதினதே நான்தான். எல்லாம் தெரியும். ஆனா அந்த நேரத்துல கைதட்டல் ஒண்ணுதான் காதுல விழுந்துச்சு."

அந்தக் கோணல் மணிக்கட்டில்தான் பிற்பாடு விசில் கயிற்றைச் சுற்றிக்கொண்டார். குளத்துக்கு வரும் பிள்ளைகள் 'விசிலக்கா' என்றார்கள். நாங்கள் 'விசில் அண்ணி' ஆக்கிக்கொண்டோம்.

குளத்தின் ஆழமான பக்கத்தில் குதிப்பதற்கு மூன்று பலகைகள் உண்டு. மேல் பலகைக்கு இரும்பு ஏணி. அதற்கு நேர் எதிரே, சுவரை ஒட்டி ஒரு சிமெண்டு பெஞ்சு. ஏணி அருகே உயரமான நாற்காலியில் அமர்ந்து, ஏறுகிற ஒவ்வொரு பிள்ளையையும் பல ஆண்டுகளாகப் பார்த்ததில் அண்ணிக்குச் சில விஷயங்கள் பிடிபட்டன. ஆறு வயதுக் குழந்தை ஆழத்தைப் பார்ப்பதில்லை. கீழே நீட்டியிருக்கும் இரண்டு கைகளைப் பார்க்கும், தொப்பென்று விழும். ஒன்பது வயதுப் பிள்ளை குதிப்பதற்கு முன் குடைந்தெடுக்கும்: எவ்வளவு ஆழம், இதற்கு முன் யாராவது அடிபட்டிருக்கிறார்களா, அடிபட்டால் பள்ளிக்கு விடுமுறை உண்டா. பதினான்கு வயதில்தான் விசித்திரம். அந்த வயதுப் பிள்ளையைத் தனியே நிறுத்திக் கேட்டால், ஆழம், ஆபத்து, விதிமுறை எல்லாவற்றையும் அண்ணிக்கே பாடம் எடுக்கும். பெஞ்சில் நான்கு நண்பர்களை உட்கார வைத்துவிட்டால் அத்தனையும் ஆவியாகிவிடும்.

காலையில் நீந்த வரும் குழந்தை நல மருத்துவர் ஒருவர் இதற்கு விளக்கம் சொன்னாராம். பரபரப்புக்கும் பாராட்டுக்கும் துள்ளுகிற பகுதி மூளைக்குள் சீக்கிரமே சூடுபிடித்துவிடுகிறது. நின்று நிதானித்து முடிவெடுக்க உதவும் நெற்றிப் பக்கத்துப் பகுதியோ இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்றாராம். "எங்க வீட்டுக்காரருக்கு அந்தப் பக்கம் இன்னும் கட்டட வேலை நடக்குதான்னு பாத்துச் சொல்லுங்க டாக்டர்" என்று அண்ணி கேட்டதாக, குளத்தில் உடைமாற்றும் அறைப் பெட்டிகளுக்குச் சாவி கொடுப்பவர் சொன்னார். அண்ணன் இதை இன்றுவரை மறுக்கிறார்.

இதிலிருந்துதான் அண்ணியின் தொழில் ரகசியம் பிறந்தது. மேலே போன பிள்ளையின் தலை தண்ணீரைப் பார்த்தால் அவர் பேசாமல் இருப்பார். தலை பெஞ்சுப் பக்கம் திரும்பினால் விசில் பறக்கும். "பலகையில ஆணி ஆடுது, இறங்கு!" "தண்ணியில மருந்து கலக்கணும், இறங்கு!" ஒரு முறை, "என் தோடு விழுந்திருச்சு, யாரும் குதிக்காதீங்க!" பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு, "சே, குதிச்சிருப்பேன்டா, விசிலக்கா கெடுத்துட்டாங்க" என்று பெருமூச்சுடன் இறங்கிவரும். மானமும் போகவில்லை, மண்டையும் உடையவில்லை. ஆணி ஒருநாளும் ஆடியதில்லை. அண்ணி தோடே போடுவதில்லை.

இதில் அண்ணி செய்த தவறு ஒன்றே. ஒவ்வொரு நாளும் புதிதாய் அவிழ்த்துவிட்ட சாக்கை இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எதிரே உட்கார்ந்து கேட்டது அவருடைய ஒரே மகள். சிறு வயதிலிருந்தே வாதாடுவதால் அவளை 'வக்கீல்' என்றுதான் கூப்பிடுவோம். அவள் கரண்டியை வாயில் விசில்போல வைத்துக்கொண்டு, "தோடு விழுந்திருச்சு!" என்று நடித்துக் காட்டுவாள். "நாலு பேரு பாக்கறாங்கன்னு குதிக்கறவனுக்கு மூளையே இல்லம்மா" என்று பதினான்கு வயதில் அவள் தீர்ப்புச் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

அந்தத் தீர்ப்பு வழங்கிய வாரமே அவள் தோழிகளுடன் குளத்துக்கு வந்தாள். அப்போது பள்ளி விடுமுறை. கூட வந்தவர்களில் ஒருத்தி ஒட்டடைக் குச்சிபோல உயரம். மற்றவர்கள் 'நெட்டை' என்பார்கள். நெட்டை முந்தின நாள் நடுப் பலகையிலிருந்து குதித்துப் பேர் வாங்கியிருந்தாள். இனி நான் எழுதுவது சாவி கொடுப்பவர், நெட்டை, அண்ணி ஆகிய மூவரும் தனித்தனியே சொன்னதைச் சேர்த்துக் கோத்தது.

"உங்கம்மா இங்கதான் வேலை பாக்கறாங்க, நீ இன்னும் கீழ் பலகையத் தாண்டல" என்றாள் நெட்டை.

"மேலயே ஏறுவேன்டி."

"ஏறுறது யாரு வேணாலும் ஏறலாம். தண்ணிக்கு முதுகு காட்டி நின்னு குதி, ஒத்துக்கறேன்."

அப்படிக் குதிக்கத் தெரியாதவர்கள் குதித்தால் மண்டை பலகை விளிம்பில் மோதும். இது வக்கீலுக்குத் தெரியாததல்ல; சுவரில் சிவப்பு எழுத்தில் இருக்கிறது, வீட்டில் தினமும் கேட்டது. அவள் ஏறினாள்.

கீழ்ப் பலகையில் முண்டியடித்த இருவரை அதட்டிவிட்டு அண்ணி நிமிர்ந்து பார்த்தபோது மகள் மேல் பலகையின் நுனியில், தண்ணீருக்கு முதுகையும் பெஞ்சுக்கு முகத்தையும் காட்டிக்கொண்டு நின்றாள். குதிகால் இரண்டும் வெளியே. பெஞ்சில் கைதட்டல் தொடங்கிவிட்டது.

விசில் அண்ணியின் உதடுவரை போய்விட்டது. ஆனால் என்ன சொல்லி ஊதுவது? ஆணியா, மருந்தா, தோடா? ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளிடமும் செல்லுபடியாகும் அந்தச் சாக்குகள் செல்லாத ஒரே பிள்ளை அங்கே நின்றாள். கேட்ட மாத்திரத்தில் சிரித்துவிட்டுக் குதிப்பாள். "வீட்டுக்கு வா, பேசிக்கறேன்" என்று தாயாக அதட்டினால் இன்னும் மோசம். தோழிகள் முன்னால் அம்மாவுக்குப் பயந்து இறங்குவதைவிட மண்டையை உடைத்துக்கொள்வது அந்த வயதுக்குச் சுலபம். ஏணியில் ஏறிப் பிடித்து இழுக்கவும் நேரமில்லை.

விசிலை ஊதியேவிட்டார். ஆனால் அண்ணி மேலே பார்க்கவில்லை. நாற்காலியிலிருந்து குதித்து இறங்கி, நேராகப் பெஞ்சைப் பார்த்து ஓடினார்.

"எந்திரிங்க எல்லாரும்! தலை நனையாம பெஞ்சுல யாரு உக்காரச் சொன்னது?"

கைதட்டல் நின்றது. "அப்படி ஒரு ரூல் இருக்காக்கா?" என்றாள் நெட்டை.

"இருக்கு. காஞ்ச தலையோட உக்காந்தா பெஞ்சு கெட்டுப்போகும். ஷவருக்குப் போங்க. நட நட! நெட்டையம்மா, உனக்குத் தனியாச் சொல்லணுமா? ஒன்னோட தலை நனைய ரொம்ப நேரமாகும், முதல்ல போ."

சிமெண்டு பெஞ்சு எப்படிக் கெட்டுப்போகும் என்று யோசிக்க அவர்களுக்கு நேரம் கொடுக்கப்படவில்லை. கோழிகளைக் கூடையில் அடைப்பதுபோல எல்லோரையும் குளியலறைக்குள் ஓட்டிவிட்டு, வாசலை மறித்துக்கொண்டு நின்றார். மகளுக்கு முதுகு காட்டி நின்றார் என்பதைச் சாவி கொடுப்பவர் இருமுறை அழுத்திச் சொன்னார். "திரும்பிப் பாக்கவே இல்லைங்க. விசில் கயித்த மட்டும் முறுக்கி முறுக்கிப் பிச்சே போட்டுட்டாங்க."

மேலே நின்றவளுக்கு எதிரே இப்போது வெறும் பெஞ்சு. வெறும் பெஞ்சுக்காக யாரும் பின்பக்கமாகக் குதிப்பதில்லை. சற்று நேரம் அப்படியே நின்றாள். பிறகு குதிகால்களை உள்ளே இழுத்துக்கொண்டு, மெதுவாகத் திரும்பி, ஏறியதிலிருந்து முதல் முறையாகத் தண்ணீரைப் பார்த்தாள். பார்த்ததும் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஏணிவரை உட்கார்ந்தபடியே நகர்ந்தாள்.

தலையில் நீர் சொட்ட வெளியே வந்த தோழிகள் அவளை ஏணியின் அடியில் கண்டார்கள்.

"என்னடி, இறங்கிட்ட?" என்றாள் நெட்டை.

வக்கீல் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். "பலகையில ஆணி ஆடுதாம். இறங்கச் சொல்லிட்டாங்க."

"ஆமா ஆமா, பயங்கரமா ஆடுது" என்றார் அண்ணி.

அன்றிரவு வீட்டில் இதைப் பற்றி ஒரு பேச்சும் எழவில்லை. அண்ணன் மட்டும், "இன்னிக்கு என்ன சாக்கு?" என்று வழக்கம்போலக் கேட்டார். "இன்னிக்குக் கூட்டமே இல்ல" என்றார் அண்ணி. வக்கீல் கரண்டியைச் சாப்பிடுவதற்கு மட்டுமே பயன்படுத்தினாள்.

குளத்தின் மேற்பார்வையாளர் அந்தப் புதிய விதியைக் கேள்விப்பட்டு, சுகாதாரத்துக்கு மிகவும் நல்லது என்று மெச்சினார். 'தலை நனையாதோர் பெஞ்சில் அமரக் கூடாது' என்ற பலகை இப்போதும் அங்கே தொங்குகிறது. நானே பார்த்தேன். ஏனென்று கேட்டால் ஊழியர்கள் தயங்காமல் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்.

கடைசியாக, நான் நேரில் கண்ட ஒன்று. அடுத்த விடுமுறையில் ஒரு காலை, அண்ணிக்குச் சிற்றுண்டி கொடுக்கப் போயிருந்தேன். பிள்ளைகள் கூட்டம் இன்னும் வரவில்லை, பெஞ்சு காலி. வக்கீல் தனியாக ஏணியில் ஏறினாள். நான் "அண்ணி" என்று வாயைத் திறப்பதற்குள் அவர் என் கையை அழுத்திப் பிடித்தார். அவள் நுனிவரை நடந்தாள், தண்ணீரை நன்றாகப் பார்த்தாள், ஒரு எட்டுப் பின்வாங்கினாள், மீண்டும் பார்த்தாள். பிறகு கால்களை ஒட்டிவைத்து நேராகக் குதித்தாள். என் கையில் அண்ணியின் நகங்கள் பதிந்த தடம் மாலைவரை இருந்தது.

தலையை நீருக்கு மேலே தூக்கியதும் அவள் கத்தினாள்: "அம்மா! பாத்தியா?"

அண்ணி என் கையை விட்டுவிட்டு, சிற்றுண்டி டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னார்: "எதடி? நான் தண்ணியப் பாத்துக்கிட்டிருந்தேன். அதுக்குத்தானே எனக்குச் சம்பளம்?"