எங்கள் வீட்டுச் சண்டை மேடையேறிய நாள்

நாடகம் எழுதப் பழகப்போகிறேன் என்று நான் சொன்னதும் என் கணவர், “ஐம்பது வயசிலை உமக்கு நாடகம் கேக்குதோ?” என்றார். அன்று எங்களுக்குள் பெரிய சண்டை. ஆனாலும் போனேன்.

நோர்வேயில் நாங்கள் வாழும் குரோருட் பகுதியில் அந்த வகுப்பை நடத்தியவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. தன் நாட்டில் பல நாடகங்களை மேடையேற்றியவர், பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். நான் எழுதிய நோர்வேஜியக் குடும்பக் கதையை வாசித்துவிட்டு, “இவர்களை உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “நானும் தெரியாதவர்களைப் பற்றி எழுதியே பல வருடங்களை வீணாக்கினேன்” என்றார்.

வீட்டுக்கு வந்து எங்கள் சண்டையையே எழுதினேன். கணவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது என் பிழைதான்.

வகுப்பின் முடிவில் அதை மேடையேற்றினார்கள். நடிகர் என் கணவரின் வார்த்தைகளைத் தமிழிலேயே சொன்னபோது, மண்டபத்தில் இருந்த எங்கள் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பக்கத்தில் இருந்த என் கணவரின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

நாடகம் முடிந்ததும் ஆசிரியை, எழுதியவரை எழுந்து நிற்கச் சொன்னார். நான் அசையவில்லை. என் கணவர்தான் எழுந்தார்.

“எழுதினது என்ரை மனிசி. அந்த விசர்க்கதை கதைச்சது நான்!”

கைதட்டல் அடங்க வெகுநேரமானது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் இத்தனை வருடம் கூட வாழ்ந்தும் அந்த மனிதரை நான் குறைவாக எண்ணியிருந்தேன் என்பது அன்றுதான் புரிந்தது.