தூணில் சாய்ந்து நின்ற பெட்டி

இதை எழுத எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். விளக்கேற்றிவிட்டுப் பேனாவை எடுப்பேன். இரண்டு வரி எழுதுவதற்குள் கை நின்றுவிடும். எழுதினால் என் மகளுக்கு ஆறிவரும் புண் மறுபடி திறந்துகொள்ளுமோ என்று பயம். எழுதாவிட்டால் ஊர் சொல்வதே உண்மையாகிவிடுமே என்று இன்னொரு பயம். வருஷங்கள் இப்படியே போயின. போன மாதம் குத்தாலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். என்னை யாரென்று தெரியாத ஒரு அம்மாள் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, என் வீட்டுக் கதையை எனக்கே சொன்னாள். அந்தக் கதையில் என் மகள் தன் அப்பாவைச் சாகவிட்டிருந்தாள். பாயசத்தைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். நான் எட்டாவது வரை படித்தவள். நடந்ததைத் தெரிந்தவரை எழுதுகிறேன். ஈசன் துணை.

என் கணவருக்குத் திடீர் திடீரென்று தலை சுற்றும். நின்ற இடத்திலேயே விழுந்துவிடுவார். வைத்தியம் பார்த்தோம், மாத்திரை சாப்பிட்டார், ஆனாலும் வயலுக்குப் போகாமல் அவரால் இருக்க முடியாது. சம்பா நடவு சமயத்தில் வரப்பில் தனியாக நடப்பார். எனக்கு வீட்டில் அடுப்பு வேலை ஓடாது.

எங்கள் ஒரே மகள் சென்னையில், சின்னச் சின்ன மின்பலகைகளுக்குப் புரோகிராம் எழுதும் வேலையில் இருந்தாள். பொங்கலுக்கு வந்தபோது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். அப்பாவின் இடுப்பில் கட்ட வேண்டியது. அவர் விழுந்தால் அது பலமாகக் கத்தும், என் போனிலும் அவள் போனிலும் மணி அடிக்கும். அவர் நிற்கிறாரா படுத்திருக்கிறாரா என்பதையும் போனில் பார்த்துக்கொள்ளலாம்.

"உள்ள ஆக்ஸிலரோமீட்டர்னு ஒரு சிப் இருக்கும்மா. அசைவு, சாய்வு எல்லாம் அதுக்குத் தெரியும்" என்றாள்.

ஆனால் அந்தச் சிப் இருப்பதே பலகைக்குத் தானாகத் தெரியாதாம். எது எங்கே இருக்கிறது என்று ஒரு கோப்பில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். டிவைஸ் ட்ரீ என்று அதற்குப் பெயர். சமையலறை மேடையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அவள் எழுத, நான் வாழைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன். எந்தக் கம்பியில் சிப் சேர்ந்திருக்கிறது, அந்தக் கம்பியில் அதன் விலாசம் என்ன, அவசரம் என்றால் எந்த உலோக ஊசிக்கால் வழியாகப் பலகையைக் கூப்பிடும், எல்லாவற்றையும் எழுதினாள். கடைசியாக, சிப் எந்தப் பக்கம் பார்த்து ஒட்டப்பட்டிருக்கிறது என்பதை ஒன்பது எண்களால் எழுத வேண்டும். ஒன்று, பூஜ்யம், கழித்தல் ஒன்று, அவ்வளவுதான் அந்த எண்கள்.

என் கணவர் எட்டிப் பார்த்தார். "பத்திரத்துல நாலு எல்லை எழுதற மாதிரி இருக்கே பாப்பா."

"அதேதான்ப்பா. மேல எது, கீழ எதுன்னு நான் எழுதற எல்லையத்தான் அது நம்பும்."

"தப்பா எழுதிட்டீன்னா என் வயலு பக்கத்து வீட்டுக்காரனுக்குப் போயிடும், பாத்துக்க."

இடுப்பில் கட்டி அவரை முற்றத்தில் நிறுத்தினாள். பெட்டி கத்தித் தீர்த்துவிட்டது. போனில் பார்த்தால் அவர் தலைகீழாக இருப்பதாகக் காட்டியது. அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏ, இங்க வந்து பாரு. நான் வௌவாலு மாதிரி தொங்கறேனாம்!"

சிப் பலகையின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்ததை மகள் மறந்துவிட்டாள். இரண்டு எண்களுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டாள். மறுபடி நிறுத்தினாள், உட்காரவைத்தாள், பாயில் படுக்கவைத்தாள். எல்லாம் சரியாக வந்தது. வாழைக்காய் வறுவல் ஆவதற்குள் முடிந்துபோன விஷயம் இது. நான் கூடவே இருந்தேன். இதை வாசிக்கிறவர்கள் தயவுசெய்து மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் என் நாத்தனார் வீட்டு வளைகாப்பில், மகள் இந்த வௌவால் கதையைத் தானே எல்லோருக்கும் சொன்னாள். வளையல் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நாத்தனார்தான் அதிகம் சிரித்தார். "எங்கண்ணன நிக்க வச்சே தலைகீழாக் கவுத்துட்டியேடி" என்றார்.

பெட்டி ஒருமுறை அவரைக் காப்பாற்றியது. நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் வாய்க்காலில் விழுந்துவிட்டார். பெட்டி போட்ட சத்தத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து தூக்கினார்கள். முகம் தண்ணீரில் கிடந்ததாம். அன்று மாலை நான் சிவன் கோயிலில் நெய் விளக்கு ஏற்றினேன், பெட்டிக்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். மகள் போனில், "அம்மா, பொட்டு வெளிய மட்டும்தான வச்சே?" என்று கேட்டுச் சிரித்தாள்.

சங்கடம் வந்தது அந்தக் கோயிலில்தான். என் கணவர் எத்தனையோ வருஷமாக மாலையில் சட்டையைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கொடிமரத்தடியில் நெடுஞ்சாண்கிடையாக நமஸ்காரம் செய்வார். மார்பும் நெற்றியும் கல்லில் பட, வெகு நேரம் அப்படியே கிடப்பார். ஒரு பிரதோஷத்தன்று தீபாராதனை நேரத்தில் அவர் அப்படிப் படுக்க, பெட்டி அலறியது. கோயிலே திரும்பிப் பார்த்தது. குருக்கள் தட்டோடு வெளியே வந்து, "என்ன ஓய், நந்திக்குப் போட்டியா இடுப்புல எதையோ கட்டிண்டு வந்துட்டேளா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவர் மட்டும் கூசிப்போய்விட்டார்.

அடுத்த நாளிலிருந்து நமஸ்காரத்துக்கு முன்னால் பெட்டியை அவிழ்த்து, மண்டபத்துத் தூணில் சாய்த்து நிறுத்திவிடுவார். அது நிமிர்ந்து நிற்பதால் அவரே நிற்பதாக எண்ணிச் சத்தம் போடாது. எழுந்ததும் எடுத்துக் கட்டிக்கொள்வார்.

மகளுக்குத் தெரிந்ததும் போனில் கெஞ்சினாள். "கழட்டாதீங்கப்பா. மெதுவாப் படுத்தா கொஞ்ச நேரம் பொறுத்துட்டு அப்புறம் கூப்பிடற மாதிரி மாத்தித் தரேன்."

"வயல்ல வரப்புல காவல் இருக்கட்டும், வேணாங்கல. அவரு காலடியில கெடக்கறப்ப எனக்கு என்னத்துக்குப் பாப்பா காவலு?"

"சாமி ஒண்ணும் கோச்சுக்க மாட்டாருப்பா."

"அவரு கோச்சுக்க மாட்டாரு. எனக்கே கூச்சமா இருக்கு."

அவள் போனை வைத்துவிட்டாள். எனக்கும் அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்கும் அதைத் தப்பென்று சொல்ல வாய் வரவில்லை.

ஐப்பசியில் ஒரு மாலை. காலையிலிருந்து தூறிக்கொண்டிருந்து அப்போதுதான் விட்டிருந்தது. கோயிலுக்குப் போனார். நான் வீட்டில் இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல் பெட்டியைத் தூணில் சாய்த்து நிறுத்திவிட்டு, கொடிமரத்தடியில் படுத்திருக்கிறார். குருக்கள் உள்ளே இருந்தார். அடுத்த தெருப் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். விளக்கேற்றினார்கள், பிராகாரம் சுற்றினார்கள். கும்பிட்டுக் கிடக்கிறவரின் குறுக்கே போகக் கூடாது, தொடவும் கூடாது என்று ஒதுங்கியே போனார்கள். திரும்பி வரும்போதும் அவர் எழுந்திருக்கவில்லை. பெரியவர் இன்றைக்கு மனம் உருகிக் கும்பிடுகிறார் என்று பேசிக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டார்கள். பிற்பாடு அவர்கள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவர்களை நான் எப்படிக் குறை சொல்வேன்? நான் போயிருந்தாலும் அப்படித்தான் ஒதுங்கியிருப்பேன்.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. முதுகில் அத்தனை தண்ணீர் விழுந்தும் மனிதர் அசையவில்லையே என்று குருக்கள் ஓடிவந்து தொட்டபோதுதான் தெரிந்தது.

பெட்டி தூணடியில் நிமிர்ந்தே நின்றிருந்தது. சென்னையில் மகள் வேலைக்கு நடுவே போனைப் பார்த்திருக்கிறாள். அப்பா நிற்கிறார் என்று காட்டியிருக்கிறது. நிம்மதியாக வேலையைப் பார்த்திருக்கிறாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் திடீரென்று இலையை மடித்துவிட்டு அழ ஆரம்பித்தார். "அன்னிக்கே சொன்னாளே, தலைகீழா எழுதிட்டேன்னு! எங்கண்ணன் கெடக்கறப்ப நிக்கிறாருன்னு காட்டியிருக்கே. அப்பன் உசுரு இவளுக்கு வெளையாட்டாப் போச்சு."

"அத உடனே திருத்திட்டா, நான் பாத்தேன்" என்றேன்.

"உனக்கு என்ன தெரியும்? நீ அவளுக்குப் பரிஞ்சுதான் பேசுவ."

உடன்பிறந்தவரைப் பறிகொடுத்த துக்கம். அதையும் நான் அறிவேன். ஆனால் அந்தச் சொல் வாசலைத் தாண்டிப் போய்விட்டது.

மகள் உள்ளே போய் மடிக்கணினியைத் திறந்தாள். நான் பின்னாலேயே போனேன். அந்தக் கோப்பை எடுத்து ஒன்பது எண்களையும் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கழித்தல் குறிகள் இருந்தன. பிறகு பெட்டியை எடுத்து, கோயிலில் இருந்த மாதிரியே சுவரில் சாய்த்து நிறுத்தினாள். குங்குமம் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. போனில் 'நிற்கிறார்' என்று வந்தது.

"சரியாத்தாண்டி இருக்கு" என்றேன், தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

"தப்பா இருந்திருக்கலாமேம்மா. அந்த முதல் நாள் தப்பை நான் திருத்தாம விட்டிருந்தா, தூண்ல நிமிர்த்தி வச்ச உடனேயே கத்தியிருக்கும். யாராச்சும் ஓடிப்போய்ப் பாத்திருப்பாங்க."

என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். தப்பாக எழுதினாள் என்று கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். சரியாக எழுதிவிட்டேனே என்று என் பிள்ளை உள்ளே அழுதுகொண்டிருந்தது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? கொடிமரத்தடியில் போய்ச் சொன்னேன். ஈசனும் பதில் சொல்லவில்லை. நானும் கும்பிடுவதை நிறுத்தவில்லை.

அவள் அந்த வேலையை விட்டுவிட்டாள். இப்போது வேறு ஏதோ கணக்கு எழுதும் வேலை. திதிக்கு மட்டும் ஊருக்கு வருவாள். கோயில் வாசல்வரை என்னோடு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வெளியே நிற்பாள். என் கணவருடைய முடிவு அவர் விரும்பிய காலடியில் வந்தது, அதில் எனக்குக் குறையில்லை. என் மகள் அந்த வாசப்படியைத் தாண்டி ஒருநாள் உள்ளே வர வேண்டும். எனக்கு இனி வேண்டிக்கொள்ள அது ஒன்றுதான் பாக்கி.

அதற்காகத்தான் எழுதினேன். எங்கள் கதையை எங்கேனும், யாராவது வேறு மாதிரி சொல்லக் கேட்டால், இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். என்மேல் இரக்கப்பட்டு எதையும் சேர்க்க வேண்டாம், நாத்தனார்மேல் கோபப்பட்டு எதையும் கூட்ட வேண்டாம். இருக்கிறபடியே சொல்லுங்கள். ஒரு சின்னக் கோடு விட்டுப்போனாலே நிற்கிற மனிதர் தலைகீழாகிவிடுவார் என்பதை என் வீட்டு முற்றத்திலேயே பார்த்தவள் நான்.